காலில் விழுந்த பாண்டியன்

(எங்கள் ஒலி எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

 

சென்னையில யாராவது என்கிட்ட "சொந்த ஊர் எது"ன்னு கேட்டா, நான் "ராஜபாளையம் பக்கம்"னுதான் சொல்வேன். உடனே "ஓ, அந்த நாய்!"னு பதில் வரும். "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்"னு சொன்னா "பால்கோவா கொண்டு வரலையா?" நிஜமா என் ஊர் தேவதானம். ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, சேத்தூர் தாண்டினதும் வரும். மேற்க பார்த்தா மலை, சுத்தி வயல், தென்னந்தோப்பு. பஸ் நிக்கும், ஆனா நீங்க ஜன்னல் பக்கம் தூங்கிட்டு இருப்பீங்க.

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு அவமானம். சின்ன அவமானம்தான். ரூம்ல நாலு பேர் உட்கார்ந்து 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பத்திப் பேசிட்டு இருந்தோம். அந்தக் கதைக்கு ஒரு தூண்டுதல் இங்கிலாந்துல நடந்த 'ரோஜாப் போர்கள்'னு எழுத்தாளர் மார்ட்டினே சொல்லியிருக்காரு. நான் அதைப் படிச்சிருக்கேன், அதனால வரிசையா ஒப்பிச்சேன். ஆறாம் ஹென்றி, ராணி மார்கரெட், யார்க் குடும்பம், லங்காஸ்டர் குடும்பம், யாரு யாரை எந்த வருஷம் கவுத்தாங்க, எல்லாம். அப்போ மதுரைக்காரத் தோழி ஒருத்தி சாதாரணமா கேட்டா: "சரி, அதே காலத்துல உங்க ஊரை ஆண்டது யாரு?"

எனக்குப் பதில் தெரியலை. லண்டன் கோபுரத்துல யார் எந்த வருஷம் செத்தாங்கன்னு தெரியும். எங்க ஊர் ராஜா பேர் தெரியாது. அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

அந்தப் பேர் பராக்கிரம பாண்டியன். அவர் கட்டின கோயில் எங்க ஊர்ல இருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணம். சின்ன வயசுல இருந்து அங்க பத்து தடவையாவது போயிருப்பேன்.

மிச்சம் இருந்த ராஜ்ஜியம்

பாண்டியர்னு சொன்னதும் நமக்கு மதுரைதான் ஞாபகம் வரும். 13ஆம் நூற்றாண்டுல அவங்க உச்சத்துல இருந்தாங்க. 1251ல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் வடக்கே நெல்லூர் வரைக்கும் படையோட போனவர். சிதம்பரத்துலயும் ஸ்ரீரங்கத்துலயும் பொன் வேய்ந்தவர். அவருக்குப் பிறகு வந்த மாறவர்மன் குலசேகரன் நாற்பது வருஷம் ஆண்டார். கடைசியில் 1310 வாக்கில் அவர் பெற்ற மகன் கையாலேயே கொல்லப்பட்டார்னு பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியிருக்கார். வாரிசு யார்ங்கிறதுதான் சண்டை. மகன்கள் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் மோதிக்கிட்டு இருக்கும்போதே, 1311ல் டெல்லியில் இருந்து மாலிக் காபூர் படை மதுரைக்கு வந்துடுச்சு.

அதுக்கப்புறம் மதுரை பாண்டியர் கையில் நிலைக்கலை. 1330களில் அங்கே தனி சுல்தான் ஆட்சி அமைஞ்சது. 1370களில் விஜயநகரத்துக் குமார கம்பணன் அதை முடிச்சார். ஆனா மதுரை திரும்பப் பாண்டியருக்கு வரலை, விஜயநகரத்துக்குக் கீழே போச்சு. பாண்டியக் குடும்பத்தில் மிச்சம் இருந்தவங்க தெற்கே நகர்ந்தாங்க. திருநெல்வேலிச் சீமை, மேற்கு மலை அடிவாரம், சிற்றாத்துக் கரை. பெரிய பங்களாவை வித்துட்டுப் பின்பக்கம் இருந்த ரெண்டு ரூம்ல குடித்தனம் நடத்துற குடும்பம் மாதிரி யோசிச்சுக்கோங்க. பேர் அதே பேர்தான், பாண்டியன். நிலம் கொஞ்சம்.

அந்தக் குடும்பத்தில் 1422ல் பட்டத்துக்கு வந்தவர்தான் சடையவர்மன் பராக்கிரம பாண்டியன். அரிகேசரி, பொன்னின் பெருமாள்னு பட்டப் பெயர்கள். 1463 வரைக்கும் ஆட்சி.

இப்போ ஒரு வேடிக்கை. என் ரூம்ல நான் ஒப்பிச்ச ஆறாம் ஹென்றி எப்போ ராஜா ஆனார் தெரியுமா? 1422. அதே வருஷம். அப்போ அவருக்கு வயசு ஒன்பது மாசம். தொட்டில்ல இருந்த குழந்தை, இங்கிலாந்து ராஜா.

கல்வெட்டை எப்படிப் படிக்கிறாங்க?

இந்த வருஷமெல்லாம் எப்படித் தெரியும்னு நீங்க கேட்கணும். நானும் கேட்டேன்.

கல்வெட்டில் "1446"னு எண் இருக்காது. ரெண்டு மூணு கணக்கு இருக்கும். ஒண்ணு, சக ஆண்டு. அதோட 78ஐக் கூட்டினா நம்ம கிறிஸ்து ஆண்டு. சக ஆண்டு 1368ன்னா 1446. இன்னொண்ணு, ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனாவது வருஷம்ங்கிறது. இதில் பாண்டியர்கள் நம்மளைக் கொஞ்சம் படுத்துவாங்க. "ஐந்தாவதின் எதிர் பன்னிரண்டாவது"ன்னு எழுதுவாங்க. அஞ்சும் பன்னிரண்டும் கூட்டிக்கணும், பதினேழாவது வருஷம். மூணாவது, பஞ்சாங்கம். மாசம், நாள், கிழமை, திதி, நட்சத்திரம். இந்தக் கிழமையும் இந்தத் திதியும் இந்த நட்சத்திரமும் ஒரே நாளில் சேர்ந்து வந்தது எந்த வருஷம்னு பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை பல நூற்றாண்டுகளுக்கான பஞ்சாங்க அட்டவணைகளையே போட்டு வெச்சார். பாண்டியர் காலத்தைச் சரிபார்க்க அது ரொம்ப உதவியது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். மெய்க்கீர்த்தின்னு ஒண்ணு கல்வெட்டோட ஆரம்பத்தில் வரும். ராஜாவோட புகழ், வெற்றிகள், யார் யார் அவருக்குப் பயந்தாங்க, எல்லாம் பாட்டா இருக்கும். பராக்கிரமனுக்கும் உண்டு. சேர நாட்டு ராஜாக்களை ஜெயிச்சதா அது சொல்லுது. அது அவரே பணம் கொடுத்துச் செதுக்க வெச்சது. இன்னிக்கு ஒருத்தர் தன்னைப் பத்தித் தானே எழுதுற பயோ மாதிரி. பொய்னு சொல்ல வரலை. எழுதினது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கணும், அவ்வளவுதான்.

எறும்பு, பசு, விஷத் துணி

கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே கதைகளும் இருக்கு. எங்க பக்கத்தில் அதுதான் அதிகம்.

முதல் கதை தென்காசியில் சொல்றது. இங்கிருந்து காசிக்குப் போறவங்க பலர் வழியிலேயே செத்துப் போறாங்க. ராஜாவுக்கு வருத்தம். கனவில் சிவன் வந்து, "எறும்புச் சாரை போற பக்கமாப் போ, அது நிக்கிற இடத்தில் நான் இருக்கேன்"னு சொல்றார். காலையில் பார்த்தா எறும்பு வரிசை. அதைப் பின்தொடர்ந்து சிற்றாத்துக் கரையில் செண்பகக் காட்டுக்குள்ளே போனா லிங்கம். அங்கே எழுந்ததுதான் காசி விசுவநாதர் கோயில். ஊர் பேர் தென்காசி.

ரெண்டாவது கதை சிவகாசியில் சொல்றது. ராஜா காசியிலிருந்து லிங்கம் கொண்டு வரார். வழியில் ஒரு இடத்தில் லிங்கத்தைச் சுமந்த பசு நகர மாட்டேங்குது. சரி, இறைவன் விருப்பம் இதுதான்னு அங்கேயே பிரதிஷ்டை பண்றார். அந்த இடம் சிவகாசி. நீங்க தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டியில் படிக்கிற ஊர் பேருக்குப் பின்னாடி, மக்கள் நம்பிக்கைப்படி, இந்த ராஜா நிக்கிறார்.

மூணாவது எங்க ஊர்க் கதை. தேவதானத்தில் இருக்கிற பெரிய சிவன் கோயில்ல சாமி பேர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. நச்சு ஆடை, விஷம் தோய்ச்ச துணி. ஒரு சோழ ராஜா, நேரா ஜெயிக்க முடியாத பாண்டியனுக்கு விஷம் தோய்ச்ச பட்டாடையைப் பரிசா அனுப்பினாராம். அதை உடுத்த விடாமல் சிவன் காப்பாத்தினாராம். அந்தப் பாண்டியன் பேரும் எங்க ஊர்ல பராக்கிரம பாண்டியன்தான். பக்கத்துல இருக்கிற அஞ்சு ஊர்க் கோயில்களைப் பஞ்சபூதத் தலம்னு சொல்வாங்க. சங்கரன்கோவில் நிலம், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம்.

எங்க ஊர்க் கதையில் வர பராக்கிரமனும் தென்காசி பராக்கிரமனும் ஒரே ஆளான்னா, அப்படி அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. 'பராக்கிரம' என்பது பாண்டியரில் பல பேர் வெச்சுக்கிட்ட பேர். 12ஆம் நூற்றாண்டில் மதுரையில் ஒரு பராக்கிரம பாண்டியன் இருந்தார். எதிரி முற்றுகை போட்டப்போ இலங்கை ராஜா பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டார். படை வந்து சேர்றதுக்குள்ளே கொல்லப்பட்டார். தென்காசி பராக்கிரமன் காலத்தில் சோழ அரசே கிடையாது, அது முடிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிடுச்சு. கதைகள் நூற்றாண்டுகளைக் கலந்துக்கும். ஆனா ஒரு விஷயத்தை அவை காட்டிக் கொடுக்குது. மலை ஓரமா இத்தனை ஊர் தன்னோட தொடக்கக் கதையை ஒரு 'பராக்கிரம பாண்டியன்' கையில் ஒப்படைச்சிருக்கு.

இன்னொண்ணு, 'தேவதானம்'ங்கிறதே ஒரு கல்வெட்டுச் சொல். சிவன் கோயில் செலவுக்காக விட்ட நிலத்துக்குப் பேர் தேவதானம். பெருமாள் கோயிலுக்கு விட்டா திருவிடையாட்டம். சமணப் பள்ளிக்கு விட்டா பள்ளிச்சந்தம். நிலத்தோட விளைச்சலில் விளக்கு எரியணும், நைவேத்தியம் நடக்கணும், வேலை செய்றவங்களுக்குக் கூலி போகணும். இத்தனை வருஷமா நான் ஆதார் கார்டில் எழுதிட்டு இருக்கிற ஊர் பேர், பழைய வருவாய்த்துறைச் சொல்.

1446: ரெண்டு ஊர்ல அஸ்திவாரம்

1446ல் சிற்றாத்துக் கரையில் விசுவநாதர் கோயில் வேலை தொடங்குது. அதே 1446, ஜூலை 25, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊரில், 24 வயசு ஆறாம் ஹென்றி தன் கையால் ஒரு கல்லை வைக்கிறார். கிங்ஸ் காலேஜோட தேவாலயத்துக்கு அஸ்திவாரம். இவருக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவரைத் தெரியாது. வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டை வர இன்னும் 52 வருஷம் இருக்கு.

ரெண்டு பேருமே தங்கள் முன்னோர் கட்டின பெரிய வீட்டோட கடைசிக் காலத்தில் இருந்தவங்க. ஹென்றியோட அப்பா ஐந்தாம் ஹென்றி, பிரான்சை ஜெயிச்ச வீரர். அதனால மகனுக்குப் பத்து வயசு முடிஞ்ச 1431 டிசம்பர்ல பாரீஸ்ல பிரான்ஸ் ராஜாவாவும் முடி சூட்டினாங்க. ரெண்டு நாட்டுக் கிரீடம். ஆனா இந்தப் பையனுக்குச் சண்டை பிடிக்காது. பூஜை, படிப்பு, தானம்தான் பிடிக்கும். 1440ல் ஈட்டன் பள்ளியை ஆரம்பிச்சார், எழுபது ஏழைப் பையன்கள் இலவசமா படிக்கணும்னு. இன்னிக்கு இங்கிலாந்து பிரதமர்கள் வரிசையா படிச்சு வந்த பணக்காரப் பள்ளி அதுதான். 1441ல் கிங்ஸ் காலேஜ். ரெண்டுக்கும் நிலங்களை எழுதி வெச்சார். நம்ம பாஷையில் சொன்னா, தேவதானம்.

1453ல் பிரான்சில் இருந்த இடமெல்லாம் போச்சு, துறைமுக ஊர் கலே மட்டும் மிச்சம். அதே வருஷம் ஆகஸ்டில் அவருக்கு மனநலம் பாதிச்சது. யார் பேசினாலும் பதில் இல்லை. அக்டோபரில் மகன் பிறந்தப்போ கொண்டு வந்து காட்டினாங்க, அடையாளம் தெரியலை. பதினாறு மாசத்துக்கு மேல் அப்படியே இருந்தார். ராஜா அப்படி இருக்கும்போது உறவினர்கள் சும்மா இருப்பாங்களா? 1455ல் ரோஜாப் போர்கள் ஆரம்பம். 1461ல் யார்க் குடும்பத்து நான்காம் எட்வர்டு கிரீடத்தைப் பிடுங்கிட்டார். கேம்பிரிட்ஜில் கல் வேலை நின்னுது. 1471 மே 21 ராத்திரி, லண்டன் கோபுரச் சிறையில் ஹென்றி செத்துப் போனார். கொலைன்னுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க.

தென்காசியில் நிலைமை வேற. 1446ல் இன்னொரு சம்பவம் நடந்தது, விஜயநகரத்தின் பெரிய சக்கரவர்த்தி இரண்டாம் தேவராயர் காலமானார். அவருக்குப் பின் வந்தவங்களுக்கு அந்தப் பலம் இல்லை. தலைக்கு மேல் இருந்த பிடி தளர்ந்த காலம் அது. பராக்கிரமனுக்குத் துணையா தம்பி குலசேகரனும் ஆட்சியில் பங்கெடுத்தார். நூறு வருஷம் முன்னாடி அண்ணன் தம்பி சண்டையில் மதுரையையே தொலைச்ச குடும்பம் இது. இந்தத் தடவை அண்ணனும் தம்பியும் சண்டை போடலை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். மெய்க்கீர்த்தியில் இருக்கிற போர் வெற்றியை விடப் பெரிய சாதனை.

பதினேழு வருஷம் கோயில் வேலை நடந்தது. முன்னாடி ஒன்பது நிலை கோபுரம் எழுப்ப ஆரம்பிச்சார். மதுரை இல்லாத பாண்டியனுக்கு இது வெறும் பக்தி மட்டும் இல்லைன்னு நான் நினைக்கிறேன். மீனாட்சி கோயில் நிழல் இல்லாமலும் நாங்க பாண்டியர்தான்னு ஊருக்குச் சொல்ற வழி. பின்னால வந்த தென்காசிப் பாண்டியர் இந்தக் கோயிலை வெச்சுத்தான் தங்களை அடையாளப்படுத்திக்கிட்டாங்க. 'வெற்றி வேற்கை' படிச்சிருப்பீங்களே, அதை எழுதின அதிவீரராம பாண்டியர் இதே வம்சத்தில் நூறு வருஷம் கழிச்சு வந்தவர்.

1463ல் பராக்கிரமன் இறந்தார். கோபுரம் முடியலை. தம்பி குலசேகரன்தான் முடிச்சார்.

ரெண்டு வேண்டுகோள்

இப்போ நான் இந்த எபிசோடே எதுக்காகப் பண்றேனோ அந்த இடத்துக்கு வந்துட்டோம்.

ரெண்டு ராஜாக்களுக்கும் ஒரே பயம். "நான் போன பிறகு இது என்ன ஆகும்?" ரெண்டு பேருமே அதை எழுதி வெச்சிருக்காங்க.

ஹென்றி 1448ல் ஒரு நீண்ட உயில் எழுதினார். தேவாலயம் 288 அடி நீளம், 40 அடி அகலம், சுவர் எவ்வளவு உயரம்னு கணக்கு மேல் கணக்கு. ரொம்பச் செதுக்கல் வேலை வேண்டாம், சுத்தமா, உறுதியா இருக்கணும்னு ஒரு குறிப்பு. கடைசியில், இதை நிறைவேத்த வேண்டியவங்களுக்கு ஒரு கட்டளை. யாருக்கும் பயப்படாமல், யார் தயவுக்கும் வளைந்து கொடுக்காமல் முடிங்க. இல்லைன்னா இறுதித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் முகத்துக்கு முன்னாடி நீங்க பதில் சொல்லணும்.

நம்ம கல்வெட்டுகளிலும் இந்த மாதிரி மிரட்டல் சகஜம்தான். தானத்தைக் கெடுக்கிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்னு முடியும், பார்த்திருப்பீங்க. அதுக்கு மறுபக்கமா இன்னொரு மரபும் உண்டு. இந்தத் தர்மத்தைக் காப்பாத்துறவங்க பாதம் என் தலை மேலேன்னு சொல்றது.

பராக்கிரமன் அந்த ரெண்டாவது வழியை எடுத்துக்கிட்டார், எடுத்து ரொம்ப தூரம் போனார். அவர் பேர்ல ஒரு பாட்டு தென்காசிக் கோயில்ல கல்லில் இருக்கு. அதோட சாரம் இதுதான். இந்தக் கோயிலுக்கு வரக் கூடாத ஒரு குறை என்னிக்காவது வந்தா, அப்போ இங்கே வந்து அதைச் சரி பண்ணித் தரப் போறவங்க யாராக இருந்தாலும், உலகமே அறிய நான், பராக்கிரம பாண்டியன், அவங்களை விழுந்து வணங்குறேன்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ராஜாங்கிறவர் தன் காலில் மத்தவங்க விழுறதைப் பார்த்துப் பழகினவர். இவர் இன்னும் பிறக்காத யாரோ ஒருத்தர் காலில் விழுறார். அந்த ஆள் பாண்டியனா இருக்கணும்னு சொல்லலை. என்ன ஜாதி, எந்த நாடு, ராஜாவா குடிமகனா, எதுவும் சொல்லலை. யாராக இருந்தாலும். கோயிலைக் காக்கிற அரசர்களுக்குன்னு இன்னொரு பாட்டு தனியா இருக்கு. அவங்க பாதத்தைத் தலையில் வெச்சுக்கிறேன்னு சொல்றார். அரசர்களுக்கு ஒண்ணு, பேர் தெரியாத யாரோ ஒருத்தருக்கு ஒண்ணு.

இது பணிவா, இல்லை கெட்டிக்காரத்தனமான அரசியலா? ரெண்டும்தான்னு நினைக்கிறேன். கல்லில் வெட்டினது, எல்லாரும் பார்க்கிற இடம். அதுவும் ஒருவகை விளம்பரம்தான். அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவங்க, அதுக்கு வரி கொடுத்தவங்க பேர் பாட்டுல வரலை, அதையும் மறக்கக் கூடாது. ஆனா மதுரை விழுந்ததைக் குடும்பக் கதையா கேட்டு வளர்ந்த ஒருத்தருக்கு, ராஜ்ஜியம் நிலைக்காதுன்னு தெரிஞ்சிருக்கு. என் வம்சம் பார்த்துக்கும்னு அவர் எழுதலை. அந்த நம்பிக்கையை அவரால் வெச்சிருக்க முடியாது.

வேண்டுகோள் என்ன ஆச்சு?

கேம்பிரிட்ஜில், நின்னுபோன வேலையைப் பிறகு வந்த ராஜாக்கள் எடுத்து, 1515ல் கல் வேலையை முடிச்சாங்க. ஜான் வாஸ்டெல் என்ற கொத்தனார் தலைவர் விசிறி விரிஞ்ச மாதிரி ஒரு கல் கூரை போட்டார், அதைப் பார்க்கத்தான் இன்னிக்கும் கூட்டம். சுவரில் கீழே ஹென்றி காலத்துக் கல் வெள்ளையா இருக்கும், மேலே பிறகு வந்த கல் நிறம் மாறி இருக்கும். வேலை நின்ன இடம் கண்ணுக்குத் தெரியும். செதுக்கல் வேண்டாம்னு அவர் சொன்னாரே, டியூடர் ராஜாக்கள் உள்ளே தங்களோட ரோஜாவையும் கிரீடத்தையும் கல்லில் பெருசு பெருசா செதுக்கித் தள்ளிட்டாங்க. கட்டடம் முடிஞ்சது, ஆனா முடிச்சவங்க தங்கள் பேரைப் போட்டுக்கிட்டாங்க. ஹென்றி இறந்த நாளான மே 21 அன்னிக்கு, அவர் ஆரம்பிச்ச ரெண்டு நிறுவனங்களில் இருந்தும் ஆட்கள் இப்பவும் லண்டன் கோபுரத்துக்கு லில்லியும் ரோஜாவும் கொண்டு போய் வைக்கிறாங்க.

தென்காசியில் அந்த "வரக் கூடாத குறை" வந்தே விட்டது. கோபுரத்தின் மேல் நிலைகள் அழிஞ்சு, அடிப்பகுதி மட்டும் பிளந்து நின்னுது. பல தலைமுறைக்கு அது 'மொட்டைக் கோபுரம்'தான். குற்றாலத்துக்குக் குளிக்கப் போறவங்க பஸ்ஸில் இருந்து பார்த்துட்டுப் போவாங்க. பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்தின திருப்பணியில் கோபுரம் திரும்ப எழுந்தது. 1990ல் கும்பாபிஷேகம். ஒன்பது நிலை, சுமார் 180 அடி. பாட்டு எழுதின ராஜா போய் 527 வருஷம்.

நான் பிறந்தது அதுக்குப் பிறகு. எனக்குத் தெரிஞ்ச தென்காசியில் எப்பவும் முழுக் கோபுரம்தான் இருந்தது. வாசலில் நின்னா காத்து ஆளைத் தள்ளும், துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவோம். அது உடைஞ்சு கிடந்த விஷயமே எனக்குத் தெரியாது.

இந்த எபிசோடுக்காகப் போன வாரம் ஊருக்குப் போனப்போ, அப்பாவையும் கூட்டிட்டுத் தென்காசி போனேன். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர். ஜன்னலோரம், இந்தத் தடவை தூங்கலை. கோபுரத்துக்குக் கீழே நின்னு அந்தப் பாட்டோட அர்த்தத்தை அப்பாகிட்ட சொன்னேன். மேலே பார்த்துட்டே கேட்டுட்டு இருந்தவர் திடீர்னு சொன்னார்:

"இது மொட்டையா நின்னப்போ பார்த்திருக்கேன்மா. திருப்பணிக்கு வசூல் பண்ண வந்தாங்க. நானும் பத்து ரூபா கொடுத்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை.

"அப்பா, அப்போ அந்த ராஜா உங்க காலிலும் விழுந்திருக்கார்."

"சும்மா இரும்மா, கோயில்ல வந்து என்ன பேச்சு இது"ன்னு சொல்லிட்டு முன்னாடி நடந்துட்டார். ஆனா திரும்பி வர பஸ்ஸில், சிவகிரி வரப்போ, அவராவே கேட்டார்: "யாராக இருந்தாலும்னா போட்டிருக்கான்?"

"ஆமாப்பா. யாராக இருந்தாலும்."

அந்தத் தோழிக்கு அன்னிக்கு ராத்திரியே மெசேஜ் போட்டேன், எங்க ஊரை ஆண்டவர் பேரோட.

உங்க ஊர்ல 1446ல் யார் இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. தெரியலைன்னா, வீட்டுல பெரியவங்ககிட்ட பக்கத்துக் கோயிலைப் பத்திக் கேட்டுட்டு வாங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.